தோட்டக் கட்டடங்களும் வர்க்க வரலாறும்: மலையகம் பற்றிய சில குறிப்புகள்

மலையக வரலாற்றை எழுத முற்பட்டோர், தோட்டத்துரைமாரின் குறிப்புகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே பெரும்பாலும் முதன்மை ஆதாரங்களாகக் கொண்டுள்ளனர். எழுத்தறிவு நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளர் கூட்டத்தின் வரலாற்றுக்கு இவை மட்டும் போதா. வாய்மொழிப் பாடல்களைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால், ஹற்றன், நுவரெலியா மலைச்சரிவுகளில் மரமும் கல்லும் தகரமும் கொண்டு எழுப்பப்பட்ட பழைய கட்டடங்கள் அத்தகைய சான்றாகப் போதியளவு வாசிக்கப்படவில்லை. தொழிற்சாலையையும் லயத்தையும் ஒருசேர நோக்குமிடத்துப் பெருந்தோட்டத்தின் உற்பத்தி உறவுகள் கண்கூடாகப் புலப்படும் என்பதே நமது கருத்தாகும்.

முதலில் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளர் அதனை இன்றும் ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். இது கோப்பிக் காலத்துச் சொல். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பியை வீழ்த்தியது. பயிர் மாறியது, மூலதனத்தின் தன்மையோ தொழிலாளரின் நிலையோ மாறவில்லை. மாறாத அந்தச் சொல் இத்தொடர்ச்சிக்குச் சான்று பகர்கின்றது.

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகள் கொழுந்தை வாட்டுவதற்கென அமைந்தவை. மரத்தளங்களின் மீது, மரச் சட்டங்களில் இழுத்துக் கட்டப்பட்ட சாக்குத்துணித் தட்டுகள் அடுக்கடுக்காக நின்றன. அவற்றில் பரப்பப்பட்ட கொழுந்து ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் காற்றில் வாடவேண்டும். ஆகவே நாற்புறமும் வரிசையாகச் சாளரங்கள் வைக்கப்பட்டன. விசிறியால் காற்றூட்டும் நீண்ட தொட்டிகள் பின்னர் வந்தபோது அத்தட்டுகள் மறைந்தன. சாளர வரிசைகள் எஞ்சின.

இனி லயத்தைக் காண்போம். ஆரம்ப லயங்கள் மரக்கால்களும் மண்சுவரும் புற்கூரையும் கொண்டவை. பின்னர் கற்சுவரும் தகரக் கூரையும் வந்தன. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா ஒன்று, முன்னே இஸ்தோப்பு, ஒரு குடும்பம், சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். இரட்டை லயத்தில் அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டிக் கிடந்தமையால் பின்புறச் சாளரத்துக்கு இடமே இல்லை. கொழுந்துக்குக் கிடைத்த காற்று அதனைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை. இதனை ஒரு துரையின் கொடுமையாகக் காண்பது போதாது. கொழுந்து வாடாவிடின் இலாபம் கெடும். தொழிலாளி நலிந்தால் தென்னிந்தியாவிலிருந்து வேறொருவரை வரவழைக்கலாம் என்ற கணக்கே கட்டட வடிவம் பெற்றது. ஒரே தொடர்ச்சியான கூரை மரங்களின் கீழ் அறைகள் அமைந்திருப்பதால், ஓர் அறையில் பற்றும் தீ முழு லயத்தையும் அழிப்பது இன்றும் நிகழ்கின்றது.

இக்குடியிருப்பு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலையிழந்தவர் கூரையையும் இழந்தார். கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் 1946இல் நடந்த போராட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படுவதற்கு எதிராக எழுந்தமை மனங்கொளத்தக்கது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் இருமுறை மாறியும் லயம் லயமாகவே நின்றது. 2015க்குப் பின் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டம் தொடங்கியபோதிலும், பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன.

இந்நிலையில் ‘மரபுரிமை’ என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டியுள்ளது. கந்தப்பளையின் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. ஹந்தானையில் மற்றொன்று தேயிலை அரும்பொருளகமாகியுள்ளது. இயந்திரமும் மரத்தளமும் அழகுப் பொருள்களாகும்போது, அவற்றை இயக்கிய உழைப்பு பார்வையிலிருந்து நீங்கிவிடுகின்றது. கம்பளைக்கருகே பழைய லய அறைகளில் தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகம் அமைந்துள்ளமை இதற்கு மாறான ஒரு முயற்சியாகும்.

லயங்கள் இடிக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எவரது வாழ்க்கையையும் அரும்பொருளாக்கி அவரை அதனுள் இருத்திவைக்கும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. எனினும் இடிக்குமுன் அளந்து, வரைந்து, அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழியோடு பதிவுசெய்வது அவசியம். அவ்வாறு செய்யத் தவறின், எஞ்சும் தொழிற்சாலையும் பங்களாவும் சொல்லும் ஒருபக்கக் கதையே நாளை மலையகத்தின் வரலாறாகிவிடும்.