பனிக்கட்டி வந்த வழி

பாசிக்குடா என்ற பெயரைப் பிரித்தால் பாசியும் குடாவும் கிடைக்கின்றன. அடுத்த குடாவுக்குக் கல்குடா என்று பெயர். பாசி எங்கே, பாறை எங்கே என்று அறிவதே பெயர் வைத்தவர்களுக்கு வேண்டியிருந்த பூகோள சாஸ்திரம். நெடுந்தூரம் இடுப்பளவு நீரிலே நடந்து போகக்கூடிய அந்த அமைதியான குடாவின் கரையில் இன்று உல்லாச ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. 1970களில் எழுந்த பழைய விடுதிகளை யுத்தமும் 2004 இன் கடற்கோளும் அழித்தொழித்தன. இன்று நிற்பவை 2009 க்குப் பிந்தியவை. தோணி இழுக்கும் கரை தமக்குச் சுருங்கிப்போயிற்று என்று மீனவர்கள் முறையிட்டதும் அந்தக் காலத்தில்தான்.

இந்த ஹோட்டல்களின் முன்புறத்தைப் படம் பிடிப்பவர்கள் பலர். பின்புறத்தைப் பார்ப்பவர் சிலரே. அங்கே அறைகளைக் குளிர்விக்கும் இயந்திரங்களும் மீனையும் இறைச்சியையும் காக்கும் குளிரறைகளும் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கின்றன. சிறிது தூரத்தில் வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம். ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் கலங்கள் அங்கே பனிக்கட்டி ஏற்றிக்கொள்கின்றன. சுற்றுலாப் பயணியின் தூக்கமும் மீனவனின் ஒரு கிழமை உழைப்பும், இரும்புக் குழாய்க்குள்ளோ செப்புக் குழாய்க்குள்ளோ சுற்றிவரும் ஏதோ ஒரு வாயுவை நம்பியிருக்கின்றன. அந்த வாயு எது, அதை யார் செய்கிறார்கள், அதை மாற்று என்று யார் கட்டளையிடுகிறார்கள், மாற்றும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையெல்லாம் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர் ஒரு வியாபாரப் பண்டமானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பொஸ்ரன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டியூடர் 1806 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு கப்பல் பனிக்கட்டியை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்குக்கு அனுப்பினார். ஊர் சிரித்தது. ஆனால் 1833 இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தா வரை வந்து சேர்ந்தது. பொஸ்ரனில் ஏற்றியது 180 தொன். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கல்கத்தாவில் இறக்கியது ஏறத்தாழ 100 தொன். மிச்சம் கடலோடு கலந்துவிட்டது. சென்னைக் கடற்கரையில் 1842 இல் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு இன்றும் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் என்று நகரத்தார் அழைத்த அந்த வட்டக் கட்டடத்தில் 1897 இல் விவேகானந்தர் தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமி பால்ய விதவைகளுக்கு அங்கே இல்லம் நடத்தினார். வெள்ளைக்காரத் துரைமாரின் மதுக்கிண்ணத்துக்காக எழுந்த சுவர்கள் தலை மழிக்கப்பட்ட சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடமாயின. கட்டியவர் கனவிலும் நினைக்காத பயன்!

அந்தப் பனிக்கட்டியை வெட்டியவர்கள் யார்? அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1846-47 மாரியில் வால்டன் குளத்தில் டியூடருக்காகப் பனி வெட்டப்பட்டதை நேரே கண்டு எழுதிவைத்திருக்கிறார். வெட்டியவர்கள் நூறு அயர்லாந்துக் கூலிகள். தாய்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. பசிக்குத் தப்பிக் கப்பலேறிய மக்கள் உறைந்த குளத்தின்மேல் நின்று வெட்டிய கட்டி, வெயில் நாட்டுக் கலெக்டரின் மேசையில் கரைந்தது.

இயந்திரம் வந்ததும் இவ்வியாபாரம் சரிந்தது. அதன் தத்துவம் நம் வீட்டு மண்பானை அறிந்ததுதான். பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. உள்ளே நீர் குளிர்கிறது. நீருக்குப் பதிலாக மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு திரவத்தை வைத்து, ஆவியானதை மறுபடி அமுக்கித் திரவமாக்கினால் ஒரே பொருளை ஓயாமல் வேலை வாங்கலாம். 1834 இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் இதற்கு உரிமம் பெற்றார். 1850களில் அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் ஈதரைக் கொண்டு பனிக்கட்டி செய்தார். 1870களில் ஜெர்மனியின் கார்ல் லிண்டே அமோனியாவைக் கைக்கொண்டார். சூனியத்துக்குக் கீழே 33 பாகையில் கொதிக்கும் அமோனியாவே பனிக்கட்டித் தொழிற்சாலைகளின் வாயுவாக நிலைபெற்றது. இலங்கையில் 1866 இல் கொழும்பு ஐஸ் கொம்பனி தொடங்கிற்று. 

மீனவன் கைக்குப் பனிக்கட்டி வந்தது மிகவும் பிந்தி. அதற்கு முன் கரைவலையில் மீன் குவிந்த நாளில் ஊர் தின்னும்; மிஞ்சியது கருவாடாகும். கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் போதும். இரண்டையும் எவனும் பூட்டி வைக்க முடியாது. பனிக்கட்டி வந்ததும் மட்டக்களப்பு மீன் லொறியேறிக் கொழும்புக்குப் போயிற்று, விலையும் ஏறிற்று. இதை மறுப்பது அறியாமை. ஆனால் பனிக்கட்டிக்கும் லொறிக்கும் எண்ணெய்க்கும் முற்பணம் கொடுப்பவனே மீனுக்கு விலை சொல்லுகிறவனாகவும் ஆனான். குளிரைச் சொந்தமாக வைத்திருப்பவனிடம் காலம் இருக்கிறது. அவன் நாளை வரை பொறுப்பான். தோணிக்காரனால் மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியாது.

அமோனியாவுக்கு ஒரு குணம் உண்டு. சிறிது கசிந்தாலும் கண்ணும் மூக்கும் எரியும். அதிகமாயின் உயிருக்கே ஆபத்து. தொழிற்சாலைக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. கந்தக ஈரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு முதலிய வேறு வாயுக்களும் வீட்டுப் பெட்டிகளில் கசிந்து உயிர் குடித்தன. அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி, குளிர்பெட்டி விற்பனைக்கு இது தடையென்று கண்டு, தோமஸ் மிட்ஜ்லி என்ற இரசாயன நிபுணரிடம் பிரச்சினையை ஒப்படைத்தது. 1928 இல் அவர் குளோரோபுளோரோகாபன் என்ற வகையை முன்வைத்தார். 1930 இல் இரசாயனச் சங்கத்தார் முன்னிலையில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி ஒன்றை ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்பதற்கு அதுவே சாட்சி. பெற்றோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டவரும் இதே மனிதர். டியூபொன்ட் கொம்பனியோடு கூட்டுச் சேர்ந்து ‘பிறியோன்’ என்ற பெயரில் சரக்கு உலகெங்கும் பரவிற்று. அதிலொன்றான ஆர்-12 நம்மூர்க் குளிர்பெட்டிகளுக்கும் வந்தது.

மிட்ஜ்லி பொய் சொல்லவில்லை. மூச்சுக்கு அது நஞ்சன்று. எதனோடும் எளிதில் சேராத பொருள் காற்றில் அழியாமல் மேலேறிக்கொண்டே போகும் என்பதை நினைக்க எவருக்கும் அவசரமில்லை. 1974 இல் ரோலண்ட், மொலினா என்ற இருவர் அதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: உயர்வளியில் சூரியனின் ஊதாக்கடந்த கதிர் இதை உடைக்கிறது, வெளிப்படும் குளோரின் அணு ஒன்று ஏறத்தாழ ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. தோற்புற்றிலிருந்தும் கண் படலத்திலிருந்தும் நம்மைக் காக்கும் திரை அது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? நிரூபணம் வந்தால் நிறுத்துவோம் என்று 1975 இல் டியூபொன்ட் பகிரங்கமாக வாக்களித்தது. பின்னர் பத்தாண்டுக்கு மேலாக நிரூபணம் போதாது என்று வாதாடியது. 1985 இல் அந்தாட்டிக்கா வானில் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்டனர். 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு டியூபொன்ட் தானும் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. பழைய வாயுவின் உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. மாற்று வாயுக்களின் உரிமங்கள் புத்தம் புதியவை. மனச்சாட்சி விழித்த நேரத்தை இந்த உண்மையோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஆயினும் உடன்படிக்கையை வெறும் வியாபாரச் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவதும் தவறு. இடதுசாரி நண்பர் சிலர் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 1990 இல் லண்டனில் இந்தியாவும் சீனாவும், நஞ்சைக் கொட்டியவர்கள் நீங்கள், மாற்றும் செலவை நாங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று வழக்காடின. அவ்வழக்கின் பயனாகவே ஏழை நாடுகளுக்கு உதவும் பன்னாட்டு நிதியம் பிறந்தது. 2009 இல் உலகின் எல்லா நாடுகளும் உடன்படிக்கையில் சேர்ந்தன. அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் 2066 அளவில் 1980 இன் நிலைக்குத் திரும்பும் என்று 2023 தொடக்கத்தில் வெளியான ஐக்கிய நாடுகள் மதிப்பீடு சொல்லுகிறது.

இலங்கை இதில் சேர்ந்தது 1989 டிசெம்பர் 15 இல். அந்த மாதத்தை நினைவிருக்கிறதா? தெற்கில் இளைஞர்களின் சடலங்கள் ஆறுகளில் மிதந்த காலம். கிழக்கில் இந்தியப் படை மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். ஆறு மாதத்தில் மறுபடி யுத்தம். படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் மின்கம்பமே இல்லாதிருந்த நாட்களில், வானத்துத் திரையைக் காப்பதாக அரசு கொடுத்த வாக்குறுதியை நாம் மிக எளிதாகவே நிறைவேற்றினோம்! 2001 ஒக்டோபரில் உடன்படிக்கை நாடுகளின் மாநாடு கொழும்பிலேயே கூடிற்று. 2010 உடன் வளர்முக நாடுகளில் குளோரோபுளோரோகாபன் முடிந்தது. பாசிக்குடாவில் புதிய ஹோட்டல்கள் எழத் தொடங்கியதும் அந்த வேளையில்தான்.

ஆனால் வாயு மாற்றம் என்பது அரச பத்திரிகையில் ஒரு வரி. பட்டறையில் ஒரு நாள் வேலை. ஆர்-12 இருந்த இயந்திரத்தில் ஆர்-134ஏ வாயுவை அப்படியே அடைத்துவிட முடியாது. பழைய வாயு கனிய எண்ணெயோடு கலந்து ஓடும். புதியது அதனோடு கலவாது. எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, வேறு வகைச் செயற்கை எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தைத் தாகம் பிடித்ததுபோல் உறிஞ்சும். மார்கழி மழையில், வாவிக்கரையில், திறந்த பட்டறையில் ஈரத்துக்கா குறை? வடிகட்டியை மாற்றி, காற்றை வெறுமையாக்கும் பம்பை நெடுநேரம் ஓட்டிய பிறகே புதிய வாயு ஏற்றலாம். அந்தப் பம்ப் இல்லாதவன் குழாயைத் திறந்து வாயுவைக் கொண்டே காற்றை வெளியே தள்ளுகிறான். பழையதைச் சேகரிக்கும் உருளை இல்லாதவன் அதை வானத்துக்கு விடுகிறான். போதாததற்கு உப்புக்காற்று குழாய்களை அரிக்கிறது. உள்நாட்டைவிடக் கடற்கரையில் கசிவு அதிகம்.

இதற்குள் இன்னொரு சிக்கல். ஓசோனைக் கெடுக்காத புதிய வாயுக்கள் பூமியைச் சூடாக்குகின்றன. கரியமிலவாயுவை 1 என்று வைத்தால், குளிரறைகளில் பரந்து பயன்பட்ட ஆர்-22 ஏறத்தாழ 1,800 மடங்கு. ஓசோனுக்கு நல்லது என்று அதன் இடத்தில் வந்த ஆர்-404ஏ 3,900 மடங்கு! மாற்றச் சொன்னபடி மாற்றியவன், வெப்பக் கணக்கில் முன்னிலும் இரட்டிப்புக் குற்றவாளியாகிறான். ஆகவே 2016 ஒக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்படிக்கை மறுபடி திருத்தப்பட்டது. இலங்கை 2018 இல் அதை ஏற்றது. ஆர்-22 வகையை 2025 இல் 67.5 வீதமும் 2030 இல் 97.5 வீதமும் குறைக்க வேண்டும். அடுத்த வகையின் உயர்வை 2024 இல் நிறுத்தி 2029 முதல் குறைத்து வர வேண்டும். ஒரு திருத்துநர் தன் தொழிற்காலத்தில் மூன்று முறை தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர்களாகிய நாம் பாடத்திட்டம் ஒருமுறை மாறினாலே எவ்வளவு முறுமுறுக்கிறோம்!

இந்த வாயுக்களில் எதையும் இலங்கை செய்வதில்லை. எல்லாம் டொலருக்கு வாங்குவது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியபோது வாயு உருளையின் விலையும் கூடவே ஏறிற்று. அவ்வருடம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும் தோணிக்கு மண்ணெண்ணெய் கிடையாமல் போனதையும் எவரும் மறக்கவில்லை. பெரிய ஹோட்டலுக்கு மின்பிறப்பாக்கி உண்டு. சந்தை மீன்கடைக்காரனுக்கு ஒரு ரெஜிபோம் பெட்டி உண்டு.

இப்போது விஞ்ஞானிகள் எதைப் பரிந்துரைக்கிறார்கள்? புறப்பேன் என்ற ஆர்-290, கரியமிலவாயு, அமோனியா. மூன்றும் எவருடைய உரிமத்துக்கும் அடங்காத பழைய பொருள்கள். புறப்பேனின் வெப்பக் கேடு மிகச் சொற்பம். ஆனால் அது எரிவாயு. அதற்கென்றே செய்த இயந்திரத்தில், சிறு அளவில், பயின்ற கை ஏற்றினால் நன்று. விலை ஏறிய நாட்களில் பழைய ஆர்-22 இயந்திரத்துக்கே எரிவாயுவை அடைத்துவிடலாமே என்று யோசிப்பவரும் உண்டு. குழாயை ஒட்டுவதற்குத் தீச்சுவாலையைப் பிடிக்கும்போது எரியப்போவது கொம்பனிக்காரன் முகம் அல்ல. ஆகவே பயிற்சியும் கருவியும் பட்டறைத் தொழிலாளிக்கு இலவசமாகச் சேர வேண்டும் என்று கேட்பது தர்மம் கேட்பதாகாது. லண்டனில் வழக்காடிப் பெற்ற நிதி அதற்காகவே இருக்கிறது. அது தலைநகரப் பட்டறை வகுப்புகளோடும் தடித்த அறிக்கைகளோடும் நின்றுவிடாமல் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் மோட்டார் சைக்கிளில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரியும் இளைஞன் வரை வருகிறதா என்று தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கேட்க வேண்டும்.

சென்ற வருடம் மாணவர் சிலரை ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலைக்குக் கூட்டிச் சென்றேன். உப்புநீர்த் தொட்டிக்குள் தகர அச்சுகள் வரிசையாக அமிழ்ந்திருந்தன. வாசலிலேயே அமோனியாவின் மெல்லிய நெடி. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். இந்த வாயுவை ஓசோன் உடன்படிக்கையும் தொடவில்லை, கிகாலியும் தொடவில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் சேர் இதை விட்டு மற்றதுக்குப் போனார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். மிட்ஜ்லியின் மெழுகுவர்த்திக் கதையை அங்கேயே நின்று சொல்ல வேண்டியதாயிற்று. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அச்சிலிருந்து கழன்ற கட்டிகள் மரச்சரிவில் வழுக்கி வந்து அரைக்கும் இயந்திரத்தில் விழுந்தன. தூளான பனிக்கட்டியைக் கலத்தின் அடித்தட்டில் இரண்டு பேர் மண்வெட்டியால் பரப்பினார்கள். கரையில் நின்ற கணக்குப்பிள்ளை எத்தனை கட்டி என்று எண்ணிக் கொப்பியில் எழுதினார். கலம் திரும்பி வரும்போது மீன் விலையில் அது கழிக்கப்படும்.