அரை இஞ்ச் மரை

மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குழாயை ராஜபாளையம் வீட்டில் மாட்டினேன். இரண்டும் அரை இஞ்ச்தான். நாலு சுற்று ஏறி நின்றது, ஒழுகியது. இறுக்கினேன். பிளாஸ்டிக் எல்போ விரிந்து, தொட்டித் தண்ணீர் முழுதும் வீண்.

"மரை வேற சார்" என்றார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பிளம்பர்.

வேறாகி நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி கோணம் வகுத்தார். வெள்ளைக்காரர் வழியே நமக்கு வந்தது அதுதான். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அரை இஞ்ச் குழாயில் இருவருக்குமே இஞ்சுக்கு 14 மரை. அதனால்தான் ஏறுவதுபோல் ஏறி ஏமாற்றுகிறது.

கையால் சுழலாத மரையை ஸ்பேனரால் திருகாதீர்கள்.