ஆய்வுப் பணியாளர் பணி மேம்பாடு

பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பணியில் இருந்தபடியே தேர்ச்சி பெறவும் அடுத்த நிலைக்கு உயரவும் தரப்படும் பயிற்சி, வழிகாட்டல். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று அமைந்தது. புதியவர்களுக்கு அறிமுகப் பயிற்சியும் பின்னர் துறைசார் புத்தாக்கப் பயிற்சியும் இங்கு நடக்கின்றன. ஆசிரியர் பதவி உயர்வுக்கு இவை கணக்கில் கொள்ளப்படும். இக்கல்லூரிகள் 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனப்படுகின்றன.

இந்த அமைப்பு ஆசிரியருக்காக உருவானது. ஆய்வுத் திட்டங்களில் குறுகிய கால ஒப்பந்தத்தில் உழைப்பவர்களுக்கு இதில் இடம் குறைவு, பெருங்குறை இதுவே. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. தொகை உயர்ந்தது நல்லதே. ஆனால் திட்டம் முடிந்தபின் எந்த வேலைக்குப் போவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். பிரிட்டனில் 2019இல் திருத்தப்பட்ட ஆய்வாளர் உடன்படிக்கை, ஆண்டுக்கு 10 நாட்களையாவது தொழில் மேம்பாட்டுக்கு ஒதுக்கச் சொல்கிறது.

ஆலை அனுபவமும் பணி மேம்பாட்டுக்கு ஒரு வழி. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையும், கவரைப்பேட்டையில் 1995இல் தொடங்கிய ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரியும் அருகருகே உள்ளன. ஆய்வாளர் சில மாதம் ஆலையில் பணியாற்றித் திரும்பும் ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.