முக்காலில் தொடங்கிய கடிதம்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கி வருவோர் கீழ்புத்துப்பட்டை அறிவர். ஐயனார் கோயிலால் பெயர்பெற்ற ஊர். ஈழத்துத் தமிழர் முகாமும் அங்கே உண்டு. நாம் முதுகலைத் தமிழ் பயின்ற 2001-ஆம் ஆண்டில் அம்முகாமைச் சேர்ந்த நண்பர் ஒருவர் நம்முடன் படித்தார். கனடாவிலிருந்து அவருடைய தமையனார் எழுதிய மின்னஞ்சலைக் கணினி மையமொன்றில் அச்செடுத்து வந்து நம்மிடம் நீட்டினார். முதல் எழுத்தே முக்கால் என்னும் பின்னக்குறி. தொடர்ந்து கொம்பு முளைத்த இலத்தீன் எழுத்துகள், சென்ட் நாணயக் குறி. இடையே எண்கள் மட்டும் தெளிவாக நின்றன. தொகை தெரிந்தது, அது எதற்கென்று தெரியவில்லை.

கணினி பழுதென்று அன்று நினைத்தோம். பழுது அங்கில்லை என்பது பின்னரே விளங்கியது.

இணையத்தை நடத்துபவை ஆர்.எஃப்.சி. என்னும் எளிய உரை ஆவணங்கள். 'கருத்துரைக்க வேண்டுகிறோம்' என்பதே அப்பெயரின் பொருள். முதல் ஆவணத்தை ஸ்டீவ் க்ராக்கர் 1969 ஏப்ரலில் எழுதினார். சட்டம் வகுப்போர் கருத்துக் கேட்கும் தொனியில் பெயரிட்டது நமக்கு எப்போதும் வியப்பளிப்பது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய 821-ஆம் ஆவணம் மின்னஞ்சல் எவ்வாறு பயணிக்க வேண்டும் என வரையறுத்தது. அதன்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிட்டுகளே. ஆகவே 128 இடங்கள். ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் கட்டளைக் குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டன. உப்பளத்தில் பாத்தி பிரித்த பின் வந்தவனுக்கு வரப்புதான் மிச்சம்.

1992-இல் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்னும் தகுதரம் வழி திறந்தது. எந்த மொழியெழுத்தையும் ஏழு பிட்டுக்குள் மாற்றிக் கட்டி அனுப்பலாம். ஆனால், உள்ளே இருப்பது எந்தக் குறியேற்றம் என்று மடலின் தலைப்பில் எழுதியிருக்க வேண்டும். பார்சலின் மேல் ஒட்டும் சீட்டைப் போன்றது அது. அப்படி எழுதக்கூடிய பெயர்களை ஐயானா என்னும் அமைப்பு பதிவேட்டில் வைத்திருக்கிறது.

தமிழுக்கு அச்சீட்டில் எழுதப் பெயர் இல்லை. புலம்பெயர்ந்தோரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரும் ஆளுக்கொரு எழுத்துரு செய்து தம் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட காலம் அது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டும். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்ற மாநாடு இச்சிதறலைப் பொதுவில் வைத்தது. லொசானில் வாழ்ந்த வேதியியலர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலானோர் மின்மடல்களிலேயே விவாதித்து உருவாக்கியது திஸ்கி. எட்டு பிட்டில் 256 இடங்கள். முற்பாதி ஆங்கிலத்துக்கு, பிற்பாதி தமிழுக்கு. 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என வேறிரண்டை ஏற்றது. ஒரு மொழிக்கு மூன்று தகுதரம்! தகுதரம் என்ற சொல்லே நாணியிருக்கும்.

நண்பரின் மடல் திஸ்கியில் எழுதப்பட்டது. பதிவேட்டில் இல்லாத பெயரை உலாவி எப்படி அறியும்? மேலை ஐரோப்பிய எழுத்தென்று கொண்டு, 'த' இருந்த எண்ணில் முக்காலை இட்டது. பிற்பாதிதான் குலைந்தது, முற்பாதியில் இருந்த எண்கள் பிழைத்தன.

இதற்கிடையே மாற்று வேறிடத்தில் பிறந்திருந்தது. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி அட்டவணையை ஒட்டிய அடுக்கு அது. உயிர்மெய்களுக்குத் தனியிடம் இல்லையே என்ற மனக்குறை தமிழறிஞரிடம் நெடுநாள் இருந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு டேஸ்-16 என்பதையும் ஏற்றதற்கு அதுவே காரணம். குறை நியாயமானதே. ஆயினும், எல்லா மொழிக்கும் ஒரே சீட்டு என்ற வசதிக்கு முன் அது சிறிதென்பது நம் கருத்து. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் அமைத்த யு.டி.எஃப்.-8 முறையை இனிவரும் நெறிமுறைகள் கையாள இயல வேண்டும் என 1998-இல் 2277-ஆம் ஆவணம் விதித்தது. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு, ஆங்கிலத்துக்கு ஒன்று. இடம் அதிகம் பிடித்தாலும் எழுத்து சிதையவில்லை.

திஸ்கியின் பெயர் ஐயானா பதிவேட்டில் ஏறியது 2007-இல். அதற்குள் தமிழிணையம் ஒருங்குறிக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தது. வீண்வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். அம்முறையில் எழுதப்பட்டுக் கிடக்கும் பழைய மடல்களை எண்ணினால் நமக்கு நகைப்பு வரவில்லை.

நண்பரின் தாளை நாங்கள் அடுத்த வாரம் படித்தோம். வகுப்புத்தோழர் ஒருவர் திஸ்கி அட்டவணையை அச்செடுத்து வந்தார். கல்வெட்டுப் படிப்பதுபோல் குறிக்குக் குறி வைத்துப் பென்சிலால் எழுதினோம். ஒரு மாலைப்பொழுது பிடித்தது. முக்காலில் தொடங்கிய முதற்சொல் 'தம்பிக்கு'. தொகை தாயாரின் கண் அறுவைக்கு.