பினாங்கில் பேசிய லத்தீன்

பினாங்கில் கர்னி பிளாசாவைப் பார்த்து வந்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பீர்கள். அந்தக் கட்டடம் எழுந்த நிலத்தில் முன்பு கத்தோலிக்கக் குருமாணவர்களின் கல்லூரி ஒன்று இருந்தது. காலேஜ் ஜெனரல் என்பது அதன் பெயர். சீனர், வியட்நாமியர், சயாமியர் எனப் பல நாட்டு இளைஞர்கள் அங்கே ஒரே கூரையின்கீழ்ப் படித்தனர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆகவே லத்தீனில் பாடம் கேட்டனர். தமக்குள்ளும் லத்தீனிலேயே பேசிக்கொண்டனர்.

இக்கல்லூரி அலைந்த கதை, நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதைக்குக் குறைந்ததன்று. 1665இல் சயாமின் அயூத்தியா நகரில் பிரெஞ்சுக் குருமார் இதைத் தொடங்கினர். பர்மியப் படையெடுப்பு அதை அங்கிருந்து விரட்டியது. 1770இல் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், நம் தமிழ் மண்ணில்தான், அது அடைக்கலம் புகுந்தது. சில ஆண்டுகளில் அங்கும் மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மீண்டும் உயிர்பெற்றது.

இனி அவர்கள் பேச்சிலிருந்து ஒரு சொல். லத்தீனில் ‘வோகோ’ என்றால் அழைக்கிறேன்; ‘வோகொர்’ என்றால் அழைக்கப்படுகிறேன். ‘ஒர்’ என்ற முடிவு செயப்பாட்டு வினைக்கு உரியது. அப்படியானால் ‘லொக்வொர்’ என்பதற்குப் ‘பேசப்படுகிறேன்’ என்றுதானே பொருள் வரவேண்டும்? இல்லை, ‘பேசுகிறேன்’ என்பதே பொருள்! லொக்வெரிஸ், பேசுகிறாய்; லொக்விதுர், பேசுகிறான் அல்லது பேசுகிறாள். பன்மையில் லொக்விமுர், லொக்விமினி, லொக்வுந்துர். ‘பேசினேன்’ என்பதை ஆண் ‘லொகூதுஸ் சும்’ என்பான். பெண் ‘லொகூதா சும்’ என்பாள். உருவம் செயப்பாட்டு வினை, பொருள் செய்வினை. இத்தகைய வினைக்கு ‘டெப்போனென்ஸ்’, அதாவது ‘களைந்து வைப்பது’ என்று பழைய இலக்கணத்தார் பெயரிட்டனர்.

தலை சுற்றுகிறதா? நம் பிள்ளைகளுக்குச் சுற்ற வேண்டியதில்லை. ‘அடிக்கப்படுகிறான்’ என்றால் அடி வாங்குபவன் அவன். ‘ஆசைப்படுகிறான்’ என்பதிலும் அதே ‘படு’ உண்டு. ஆனால் ஆசை கொள்பவன் அவனேதான். இரண்டும் முற்றும் ஒன்றல்ல. முன்னதில் ‘படு’ வினையோடு சேர்கிறது, பின்னதில் பெயரோடு. இருந்தாலும் வழி தெரிகிறதல்லவா? “தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் எதற்கு, வாத்தியாரே?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்லிக் காட்டுவது வழக்கம்.

1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் பேரவைக்குப் பின், கோயில் வழிபாட்டில் அந்தந்த நாட்டு மொழிகள் வந்தன. லத்தீனுக்கு இடம் சுருங்கியது. கல்லூரியும் 1984இல் கடலோரத்தை ஒட்டியே தஞ்சோங் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தது.