எல்லைக்கு முன் ஒரு தேர்வு: கம்பம் பள்ளத்தாக்கின் புலப்பெயர்வும் மொழித்தேர்வின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

வெளிநாட்டுக் கல்விக்கும் குடியேற்றத்திற்கும் ஆங்கில மொழித்திறன் தேர்வு இன்று கட்டாய வாயிலாக உள்ளது. இத்தேர்வு மொழியறிவை அளக்கும் கருவியாக மட்டுமே பொதுவாக நோக்கப்படுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நிகழ்ந்த புலப்பெயர்வுகளையும், சென்னை, நேட்டால், ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய இடங்களில் நடைமுறையில் இருந்த மொழித்தேர்வுகளையும் ஒப்பிட்டு, தேர்வெழுதும் கடமையும் அதன் செலவும் யார்மீது சுமத்தப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உழைப்பின் தேவையும் அதிகார உறவுமே அதனைத் தீர்மானித்து வந்துள்ளன என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கம்பம் பள்ளத்தாக்கு, புலப்பெயர்வு, கங்காணி முறை, மொழித்தேர்வு, நேட்டால் சட்டம், ஐ.இ.எல்.டி.எஸ்.

முன்னுரை

1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது தேனி மாவட்டம். அதன் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் முதலிய ஊர்களைக் கொண்ட இப்பகுதியிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்காகக் கேரள மலைகளுக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் செல்வோர் உள்ளனர். மேற்படிப்புக்காகவும் செவிலியர் பணிக்காகவும் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளை நாடும் இளையோரும் உள்ளனர். முன்னவரிடம் எவரும் மொழிச் சான்று கேட்பதில்லை. பின்னவரோ கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் இடையில் ஒரு மொழித்தேர்வைக் கடக்க வேண்டியுள்ளது. இவ்வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

தேர்வு இல்லாத கணவாய்கள்

1895இல் பெரியாற்று அணை நிறைவுற்று, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகச் சாகுபடிக்கு உரியதாயிற்று. நீர் மேற்கிலிருந்து கிழக்கே வந்த அதே காலத்தில் உழைப்பு கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் தமிழ்த் தொழிலாளர் திருவிதாங்கூரின் ஏலமலைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏறினர். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுவழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1928இல் மதுரை – போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் இவ்வணிகம் மேலும் வலுப்பெற்றது.

ஆங்கிலம் பேசும் துரைக்கும் தமிழ் பேசும் தொழிலாளிக்கும் இடையே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நின்றனர். ஆள் சேர்த்தல், முன்பணம் தருதல், வேலை வாங்குதல் ஆகியவற்றோடு மொழியைக் கடத்தும் பணியும் கங்காணியுடையதாக இருந்தது. அவரது அதிகாரத்தில் ஒரு பகுதி இந்த இடைநிலையிலிருந்தே பிறந்தது எனலாம். தொழிலாளி துரையின் மொழியை அறிய வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, தன் குறையைத் தானே துரையிடம் சொல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தைச் சேர்ந்தன. மொழியின் பெயரால் எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் அதைக் கடக்கும் கூலியாளுக்கு மொழித்தேர்வு வைக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உடலைச் சோதித்த கடல்வழி

பள்ளத்தாக்கை அன்று உள்ளடக்கியிருந்த மதுரை மாவட்டம் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் இணைப்பு தொடங்கியபின் தொழிலாளர் பெரும்பாலும் மண்டபம் முகாம் வழியாகக் கடந்தனர். அங்கு அவர்கள் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டது, உடைமைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. எல்லை சோதித்தது உடலை மட்டுமே. நோயற்ற உடலும் கங்காணியின் பெயரும் இருந்தால் போதும். படிப்பு ஒரு தகுதியாகக் கேட்கப்படவில்லை.

மொழி கற்கும் தேவை மறுபக்கத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளம் துரைமாருக்காகக் கொழும்பில் அச்சான தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்னும் நூலும் அவ்வகையினதே. துரை கற்க வேண்டிய தமிழ் பெரிதும் ஏவல் வினைகளால் ஆனது என்பதை முதல் நூலின் தலைப்பே காட்டிவிடுகிறது.

ஆள்வோருக்குத் தமிழில் தேர்வு வைக்கும் வழக்கம் இதற்கும் முற்பட்டது. 1812இல் எல்லிஸின் முயற்சியால் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்வெழுதினர். தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்குப் பணியாற்றினர். தேறிய அதிகாரிக்குப் படித்தொகை உயர்ந்தது. தேர்வெழுதியவர் கட்டணம் செலுத்தவில்லை. கல்லூரியின் செலவைக் கம்பெனியே ஏற்றது. அந்தச் செலவும் இறுதியில் இந்நாட்டு வரிப்பணத்திலிருந்தே வந்தது என்பதையும் உடன் கருத வேண்டும்.

எழுத்தைக் கேட்ட சட்டம்

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் தேவைப்பட்டனர். பின்னர்த் தம் செலவில் வந்த இந்திய வணிகர்களும் ஒப்பந்தம் முடித்துக் குடியிருக்க விரும்பியவர்களும் வெள்ளைக் குடியேறிகளின் எதிர்ப்பைச் சந்தித்தனர். 1897 சனவரியில் காந்தி டர்பனில் இறங்கியபோது தாக்கப்பட்டது இவ்வெதிர்ப்பின் உச்சமாகும். அதே ஆண்டில் நேட்டால் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தில் இந்தியர் என்னும் சொல்லை வைத்துத் தடை விதிக்கப்படவில்லை. ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில், வகுக்கப்பட்ட படிவத்தின்படி விண்ணப்பம் எழுத இயலாதவர் நுழையக் கூடாது என்பதே விதி. திருக்குறளைப் பிழையற எழுத வல்லவரும் இச்சட்டத்தின் முன் எழுத்தறியாதவரே. இனத்தை வெளிப்படையாகச் சுட்டாமல் விலக்க இவ்வழி உதவியது. எனவே குடியேற்ற நாடுகளின் அமைச்சர் சேம்பர்லைன், 1897இல் இலண்டனில் கூடிய முதலமைச்சர்கள் மாநாட்டில் நேட்டால் முறையைப் பிற குடியேற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தார். ஒப்பந்தத் தொழிலாளருக்கு மட்டும் இச்சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. கரும்பு வெட்டும் கைக்கு எழுத்து வேண்டியதில்லை. கடை வைக்க வந்தவரிடமே அது கேட்கப்பட்டது.

ஆஸ்திரேலியா 1901இல் இதே முறையை ஏற்றது. அங்கு அதிகாரி வாசிக்கும் 50 சொற்கள் கொண்ட பத்தியை ஐரோப்பிய மொழி ஒன்றில் கேட்டு எழுத வேண்டும். 1905இல் ‘ஐரோப்பிய மொழி’ என்பது ‘விதிக்கப்படும் எந்த மொழியும்’ என மாற்றப்பட்டது. மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதிகாரியிடம் இருந்தமையால், விலக்க விரும்பியவருக்கு அவர் அறியாத மொழியில் பத்தி வாசிக்கப்பட்டது. 1934இல் செக் நாட்டு எழுத்தாளர் எகோன் கிஷ் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்தமையால், ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் அவருக்குத் தேர்வு வைக்கப்பட்டது. இத்தேர்வு 1958 வரை சட்டத்தில் நீடித்தது.

தேர்வின் நவீன வடிவம்

இன்றைய தேர்வுகளின் மூலம் வேறு. கேம்பிரிட்ஜ் 1913இல் தொடங்கிய ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வு, பிறநாட்டு ஆங்கில ஆசிரியர்களை மனத்திற்கொண்டது. 12 மணி நேரம் நீண்ட முதல் தேர்வை எழுதிய மூவரும் தேறவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையை ஒட்டி 1964இல் டோஃபெல் நடைமுறைக்கு வந்தது. 1980இல் பிரிட்டனில் தோன்றிய தேர்வு ஒன்று திருத்தம் பெற்று 1989இல் ஐ.இ.எல்.டி.எஸ். ஆயிற்று. இவை கல்வி நோக்கில் பிறந்தவை. பின்னரே குடியேற்றத் துறைகள் இவற்றைத் தம் வாயிலில் நிறுத்தின.

நேட்டால் முறையோடு இவற்றை ஒன்றாக வைத்து எண்ணுவது பிழையாகும். இன்று மதிப்பீட்டு நெறி முன்னரே வெளியிடப்படுகிறது, தேர்வு மொழி மாறுவதில்லை, கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கும் 0 முதல் 9 வரையிலான ஒரே அளவில் மதிப்பிடப்படுகின்றன, மறுமதிப்பீடு கோரலாம். தேர்வெழுதுவோர் தேறவும் செய்கின்றனர். ஆயினும் ஒரு தொடர்ச்சியை மறுக்க இயலாது. எல்லைக்கு வெளியே, புறப்படும் நாட்டிலேயே, புறப்படுபவரின் செலவில் தகுதி நிறுவப்பட வேண்டும் என்பதே அத்தொடர்ச்சி.

இந்திய அரசும் தன் பக்கத்தில் ஒரு படிப்பெல்லையை வைத்துள்ளது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் நடைமுறையில், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். நோக்கம் பாதுகாப்பே, ஆனால் புறப்படும் உரிமை பள்ளிச் சான்றோடு இணைந்துவிட்டது.

நகரும் அளவுகோல்

நோயாளியின் சொல்லைச் செவிலியர் தவறாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே மருத்துவப் பணிக்கு மொழித்தகுதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அத்தகுதியின் அளவு எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்பதே வினா. பிரிட்டனின் செவிலியர் மன்றம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 7 பேண்ட் கேட்டது. செவிலியர் பற்றாக்குறை முற்றிய நிலையில், 2017 நவம்பரில், மருத்துவத் துறையினருக்கென ஆஸ்திரேலியாவில் உருவான ஓ.இ.டி. தேர்வை மாற்றாக ஏற்றது. 2018 இறுதியில் எழுதுதலுக்கான அளவை 6.5 ஆகக் குறைத்தது. 2016இல் 6.5 பெற்றுத் தகுதியற்றவரெனத் திரும்பிய செவிலியர், ஈராண்டுக்குப்பின் அதே மதிப்பெண்ணுடன் தகுதி பெற்றிருப்பார். இடையில் மாறியது அவரது ஆங்கிலமன்று.

ஐயம் எழும்போது சுமை எப்பக்கம் சாய்கிறது என்பதை 2014ஆம் ஆண்டு நிகழ்வு காட்டுகிறது. பிரிட்டனில் டோயிக் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை பி.பி.சி. வெளிப்படுத்தியது. அதன்பின் 2011 முதல் 2014 வரை எழுதப்பட்ட 58,458 தேர்வுகளில் 33,663 செல்லாதவை எனவும் 22,694 ஐயத்திற்குரியவை எனவும் தேர்வு நிறுவனம் வகைப்படுத்தியது. மோசடி நடந்தது மெய்யே. எனினும் தாம் குற்றமற்றவர் என்று கூறிய மாணவர்கள் அதை நிறுவப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. அவர்களுள் இந்தியரும் இருந்தனர்.

பள்ளத்தாக்கின் கணக்கு

ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் இந்தியாவில் 2025இல் 17,000 ரூபாய் அளவை எட்டியிருந்தது. 2025–26இல் தமிழ்நாட்டின் ஊரக வேலை உறுதித் திட்ட நாட்கூலி 336 ரூபாயாக இருந்தது. ஒரு முறை தேர்வெழுத, அக்கூலியில் 50 நாளுக்கும் மேலான உழைப்பு தேவைப்பட்டது. பயிற்சிக் கட்டணமும் மதுரை அல்லது சென்னைக்கான பயணச் செலவும் தனி. மதிப்பெண்ணோ ஈராண்டுகளே செல்லும். சேர்க்கையோ விசாவோ தாமதித்தால் மீண்டும் எழுத வேண்டும்.

பணத்தோடு பள்ளியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1968 முதல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுகிறது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாயின. ஆங்கிலம் இங்கு அயல்மொழியாக மட்டும் இல்லாமல் ஆட்சி, உயர்கல்வி ஆகியவற்றின் மொழியாகவும் உள்ளது. இருப்பினும் பள்ளிப் பொதுத்தேர்வின் எடை எழுத்தின்மீதே விழுகிறது. அறிமுகமற்ற ஒருவரோடு 11 முதல் 14 நிமிடம் ஆங்கிலத்தில் உரையாடும் தேர்வுக்கு அப்பள்ளி ஆயத்தம் செய்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பயிற்சி மையங்களும் முகவர்களும் இடம்பெறுகின்றனர். கங்காணி மொழியைத் தொழிலாளிக்காகச் சுமந்தார். அதற்கு ஈடாக அவரைக் கடனில் கட்டினார். பயிற்சி மையம் மொழியைச் சுமப்பதில்லை. சுமக்கக் கற்றுத்தருவதற்கு முன்கூட்டியே விலை பெறுகிறது. தேறுபவருக்குத் தன் குறையைத் தானே உரைக்கும் ஆற்றல் வாய்க்கிறது. இது கங்காணிக் காலத்தில் இல்லாத பேறு.

இச்சுமையின் ஒரு பகுதியை அரசு ஏற்கத் தொடங்கியுள்ளது. 1978இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர் பணியமர்த்தலில் ஈடுபட்டுள்ளது. ஆதிதிராவிடர், பழங்குடியின இளையோருக்கு இத்தகைய தேர்வுகளுக்கான பயிற்சியைத் தாட்கோ அறிவித்துள்ளது.

முடிவுரை

கம்பம் பள்ளத்தாக்கை மையமாக வைத்து நோக்குகையில் நான்கு நிலைகள் புலனாகின்றன. கோட்டைக் கல்லூரியில் தமிழை ஆள வந்தவர் கற்றார். செலவை அரசு ஏற்றது. தோட்டத்தில் உடல் சோதிக்கப்பட்டது. மொழியைக் கங்காணி இடைநின்று கடத்தினார். நேட்டாலில் வேண்டாதவரை விலக்க எழுத்து கேட்கப்பட்டது. வேண்டிய உழைப்புக்கு விலக்கு தரப்பட்டது. இன்று தேர்வு முறையானது, அளவீட்டில் செம்மையானது. ஆனால் அதன் அளவுகோலை ஏற்கும் நாட்டின் தேவை நகர்த்துகிறது, விலையைப் புறப்படுபவர் தருகிறார்.

ஆகவே மொழித்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்னும் விவாதம் மட்டும் போதாது. கற்ற செவிலியரைப் பெறும் நாடு அவரது மொழிப்பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவில் எவ்வளவு பங்கு ஏற்க வேண்டும் என்பதும் கேட்கத்தக்கது. 1812இல் கம்பெனிக்கு இவ்வினாவுக்கு விடை தெரிந்திருந்தது: மொழி எவருக்குப் பயன்படுமோ அவரே அதன் கற்பித்தலுக்குச் செலவிட வேண்டும். அந்நெறியை அது தன் ஆட்சிக்காகக் கைக்கொண்டது. இன்றைய உழைப்புச் சந்தையில் அது இன்னும் ஏற்கப்படவில்லை.