உயிரிமருத்துவத் தகவலியலில் சித்த மருத்துவம்

உயிரிமருத்துவத் தகவலியல் என்பது உயிரியல், மருத்துவம் ஆகிய துறைகளின் தரவுகளைத் திரட்டுதல், ஒழுங்குபடுத்துதல், தேடிப் பெறுதல், அவற்றிலிருந்து முடிவு காணுதல் ஆகியவற்றை ஆயும் பல்துறை அறிவியல் ஆகும். கணினியியல், புள்ளியியல், மருத்துவம் ஆகியவற்றோடு மொழியியலும் நூலகவியலும் இதில் பங்கு பெறுகின்றன. சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களையும் மருந்து நூல்களையும் கணினித் தரவுகளாக மாற்றும் பணி, இத்துறையில் 21ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஒரு பகுதியாகும்.

ஒரு நோயாளி, இரு ஆவணங்கள்

இப்பணியின் அடிப்படைச் சிக்கலுக்குப் பாளையங்கோட்டை நல்ல எடுத்துக்காட்டு. இங்கு அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 இலும், ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965 இலும் தொடங்கப்பட்டன. இரண்டும் ஒரே ஊரில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள ஒருவர் இரு மருத்துவமனைகளையும் நாடுவது இயல்பே. ஓரிடத்தில் அவருடைய நோய் மூட்டுத் தேய்வு என்றும், மற்றோரிடத்தில் அழல் கீல்வாயு என்றும் பதிவாகலாம். முதற்பெயர் மூட்டின் குருத்தெலும்பில் நிகழும் மாற்றத்தைக் கொண்டு அமைந்தது. இரண்டாவது, வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் எது கேடுற்றது என்பதைக் கொண்டு அமைந்தது. மருத்துவர் இவ்விரண்டையும் ஓரளவு ஒப்பிட்டுக்கொள்வார். கணினிக்கோ இவை தொடர்பற்ற இரு சொற்களே. மேலும் சித்த மரபு நோய்களின் தொகையை 4448 எனக் கூறினாலும், எல்லா நூல்களும் ஒரே பெயர்ப் பட்டியலைத் தருவதில்லை.

நோய்க் குறியீடுகள்

பெர்ட்டிலோன் 1893 இல் அளித்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்ததே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாடு. இதில் குறியீடு பெறாத நோய், எத்தனை பேருக்கு வந்தாலும், பன்னாட்டுப் புள்ளிவிவரத்தில் தன் பெயரால் இடம்பெறாது. மருந்துக் கொள்முதல், காப்பீடு, ஆராய்ச்சி நிதி ஆகியன புள்ளிவிவரங்களைச் சார்ந்திருப்பதால் இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று.

இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2017 இல் தொடங்கிய நமஸ்தே இணையத்தளம் ஆயுர்வேத, சித்த, யுனானி நோய்ச் சொற்களுக்குக் குறியீடுகளை அளித்தது. பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019 இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மரபு மருத்துவ இயலில் முதலில் சீனத்தில் தோன்றி, சப்பான், கொரியா ஆகிய நாடுகளிலும் வழங்கும் மருத்துவமே இடம்பெற்றது. சித்த மருத்துவம் உள்ளிட்ட மூன்று இந்திய முறைகளுக்கான இரண்டாம் தொகுதி 2024 சனவரியில் புது தில்லியில் வெளியிடப்பட்டது. ஒரே நோயாளிக்கு இருவகைக் குறியீடுகளையும் சேர்த்து எழுத இதனால் வழி ஏற்பட்டது. எனினும் மரபு மருத்துவக் குறியீடுகள் இறப்புக் காரணக் கணக்கெடுப்புக்கு உரியவை அல்ல. குறியீடு கிடைத்ததனாலேயே ஒரு சிகிச்சையின் பயன் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சிலர் கொள்வதும் பிழையாகும். குறியீடு எண்ணுவதற்கு மட்டுமே உதவும்.

சுவடியிலிருந்து தரவுத்தளத்திற்கு

நூல்களைத் தரவாக்குவது இதனினும் கடினம். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும், ரகரத்திற்கும் காலுக்கும் உள்ள வேறுபாடும் எழுத்தில் தெரிவதில்லை. எனவே படியெடுப்பவர் பொருளறிந்தே படிக்க வேண்டும். பல சரக்குகள் பரிபாஷை என்னும் மறைபெயர்களால் குறிக்கப்படுகின்றன. பலம் (ஏறத்தாழ 35 கிராம்), கழஞ்சு முதலிய அளவுகளையும் மாற்றியாக வேண்டும். நச்சுத்தன்மையுள்ள சரக்கில் இம்மாற்றம் தவறினால் விளைவு கொடிதாகும்.

இத்தகைய நூல்கள் தேடத்தக்க வடிவில் இல்லாததன் இழப்பு 1995 இல் வெளிப்பட்டது. காயங்களை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. நம் வீடுகளில் எவரும் அறிந்த இச்செய்தியை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி மறுத்த பின்னரே, 1997 இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. இதன் பின் 2001 இல் மரபு அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட மொழிகளின் மருந்து நூற்செய்திகள் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், எசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்படுகின்றன. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2009 முதல் இதைப் பார்வையிடும் உரிமை பெற்றது.

மூலிகைத் தரவுகளில் பெயர்க் குழப்பம்

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தினர் 2018 இல் வெளியிட்ட இம்பாட் தரவுத்தளம் 1742 இந்திய மூலிகைகளையும் அவற்றின் 9596 வேதிப்பொருள்களையும் தொகுத்தது. அதன் இரண்டாம் பதிப்பு 4010 மூலிகைகளாக விரிந்தது. இத்தகைய தொகுப்புகளில் செடியின் தாவரவியற் பெயரே திறவுகோல். கரிசலாங்கண்ணியில் வெண்பூப் பூப்பதும் மஞ்சட்பூப் பூப்பதும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. காமாலைக்கு வழங்கும் கீழாநெல்லி பழைய இந்திய நூல்களில் பில்லாந்தசு நிரூரி எனப்பட்டது. அப்பெயருக்குரிய உண்மையான செடி அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை அமாரசு, பிராட்டெர்னசு, தெபிலிசு என்னும் மூன்று தனி இனங்கள் எனப் பின்னர் அறியப்பட்டது. ஆகவே பழைய ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுக்கும் வேதிப்பொருட் பட்டியல் எந்தச் செடிக்குரியது என்பதைக் கட்டுரைதோறும் தனித்தனியே சரிபார்க்க வேண்டியுள்ளது.